சங்க அட்டையோட விமானம் ஏறலாமா?

(தர்மபுரியில் நடந்த இளைஞர் கூட்டத்தில் பேசியது. நேர்ல வர முடியாதவங்க கேட்டதால எழுத்தா போடுறோம். கொஞ்சம் நீளம்தான். வெளிநாட்டு வேலைக்குப் பேப்பர் ரெடி பண்ணிட்டு இருக்கிறவங்க முழுசா படிங்க.)



போன மாசம் நம்ம பக்கத்துக்கு இன்பாக்ஸ்ல ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தார். பாலக்கோடு பக்கம். ஐடிஐ ஃபிட்டர் முடிச்சு ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை. அங்க ரெண்டு சங்கம். பெரிய சங்கம்தான் நிர்வாகத்தோட கையெழுத்துப் போடும். இவர் இருக்கிறது சின்ன சங்கத்துல. இப்போ வெளிநாடு போக ஏற்பாடு நடக்குது. ஏஜென்ட் சொல்றாராம்: "சங்கம் கிங்கம்னு எங்கேயும் வாயைத் திறக்காதே, விசா அடிபட்டுப் போயிடும்." உண்மையான்னு கேட்டார். அதே கேள்வியை அடுத்த வாரம் இன்னொருத்தர் கேட்டார். மெசேஜ்ல பதில் சொல்லி முடிக்கிற விஷயமா தெரியல. அதனாலதான் இன்னைக்கு உங்க முன்னாடி இதைப் பேசுறேன்.

முதல்ல நேரடியான பதில். சங்கத்துல உறுப்பினரா இருக்கிறது குற்றம் இல்ல. அரசமைப்புச் சட்டம் 19(1)(சி) கொடுத்த உரிமை அது. பாஸ்போர்ட் விண்ணப்பத்துல "நீ எந்தச் சங்கம்"னு ஒரு கட்டமே கிடையாது. போலீஸ் வெரிஃபிகேஷன்ல முக்கியமா பார்க்கிறது கிரிமினல் வழக்கு இருக்கான்னுதான்.

ஆனா இங்கதான் சின்ன சங்கத்துக்காரங்களுக்கு ஒரு சிக்கல் வருது. கேட் முன்னாடி உட்கார்ந்திருப்பீங்க, மறியல்ல கைதாகி கல்யாண மண்டபத்துல வெச்சு சாயங்காலம் விட்டிருப்பாங்க. அதுல ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டிருப்பாங்க. உங்க பேர் அதுல இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சு பாஸ்போர்ட்டுக்குப் போட்டா "அட்வெர்ஸ்"னு திரும்பி வரும்.

பாஸ்போர்ட் சட்டம் 1967, பிரிவு 6(2)(எஃப்) சொல்றது இதுதான்: கோர்ட்ல கிரிமினல் வழக்கு நிலுவையில இருந்தா பாஸ்போர்ட்டை மறுக்கலாம். எஃப்.ஐ.ஆர். மட்டும் இருக்கு, கோர்ட் இன்னும் வழக்கைக் கையில எடுக்கலைன்னா அதை "நிலுவையில உள்ள வழக்கு"ன்னு சொல்ல முடியாதுன்னு உயர் நீதிமன்றங்கள் பல தடவை சொல்லியிருக்கு. வழக்கு நிஜமாவே கோர்ட்ல நடக்குதுன்னாலும் வழி இருக்கு. 1993 ஆகஸ்ட் 25-ல் மத்திய அரசு போட்ட அறிவிக்கை ஒண்ணு இருக்கு. வழக்கு நடக்கிற கோர்ட்லயே அனுமதி உத்தரவு வாங்கிட்டு வந்தா பாஸ்போர்ட் கொடுக்கலாம். கோர்ட் காலம் எதுவும் குறிப்பிடலைன்னா ஒரு வருஷத்துக்குக் கிடைக்கும். அதனால வக்கீல்கிட்ட மனு போடச் சொல்லும்போது எத்தனை வருஷம்னு உத்தரவுலயே எழுதி வாங்கச் சொல்லுங்க. இந்த ஒரு வரி விட்டுப்போய் வருஷா வருஷம் அலையிறவங்க இருக்காங்க.

மறைக்கிறது மட்டும் வேண்டாம். விண்ணப்பத்துல பொய் சொன்னா அதே சட்டத்தோட 12-வது பிரிவுல அது தனிக் குற்றம். போராட்ட வழக்கு காலப்போக்குல தள்ளுபடி ஆகிடலாம், பொய் சொன்ன வழக்கு அப்படி ஆகாது. உங்க பேர்ல வழக்கு இருக்கான்னு இ-கோர்ட்ஸ் ஆப்ல பேரைப் போட்டாலே பார்த்துடலாம். 5 நிமிஷ வேலை. தெரியலைன்னா நம்ம ஐடி விங் பசங்க யாரையாவது பிடிங்க. நாங்க மீம் போடுறதுக்கு மட்டும் இல்ல.

அடுத்தது, ஏஜென்ட்.

பாஸ்போர்ட்ல ஈ.சி.ஆர்.னு ஒண்ணு இருக்கு. மகாபலிபுரம் போற ரோடு இல்ல. பத்தாவது பாஸ் ஆகாதவங்க பாஸ்போர்ட்ல இந்த முத்திரை இருக்கும். அவங்க சவூதி, குவைத், கத்தார், ஓமன், மலேசியான்னு 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகணும்னா அரசாங்கத்தோட குடிபெயர்வு அனுமதி வாங்கணும். 1983 குடிபெயர்வுச் சட்டம். அனுமதி கேட்டாலே ஒப்பந்தத்தைப் பார்ப்பாங்க, பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸ் கட்டாயம். ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூணு வருஷத்துக்கு 375 ரூபாய். விபத்துல இறந்தாலோ நிரந்தரமா முடமானாலோ 10 லட்சம்.

இப்போ கவனிங்க. ஐடிஐ படிச்ச தம்பி பத்தாவது பாஸ். அவருக்கு ஈ.சி.ஆர். கிடையாது. அனுமதி தேவையில்ல. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுக்கு என்ன அர்த்தம்? அவர் ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்க்கிறதில்ல. இன்சூரன்ஸ் கட்டாயம் இல்ல. எட்டாவது படிச்ச அண்ணன் எந்த நாட்டுல எந்தக் கம்பெனியிலன்னு அரசாங்கத்துக்குக் கணக்கு இருக்கு. அதே விமானத்துல போன ஐடிஐ படிச்ச தம்பிக்கு அந்தக் கணக்கு இல்ல. ஈ-மைகிரேட் தளத்துல அவங்களா விரும்பினா பதிவு பண்ணிக்கலாம், அவ்வளவுதான். படிச்சவன் தன்னைத்தானே பார்த்துப்பான்னு 1983-ல போட்ட கணக்கு. வெல்டரும் எலக்ட்ரீஷியனும் தங்கியிருக்கிற லேபர் கேம்ப்புக்கு அந்தக் கணக்கு சரிப்பட்டு வராது. இதை மாத்தணும்னு நாம கேட்கணும்.

2024 ஜூன் 12. குவைத், மங்காஃப். தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்துல விடிகாலையில தீ. குறைஞ்சது 45 இந்தியர்கள் இறந்தாங்க. அதுல 7 பேர் நம்ம தமிழ்நாடு. தூங்கிட்டு இருந்தவங்க, தோழர்களே. தங்குற இடம் எப்படி இருக்கு, ஒரு ரூமுக்கு எத்தனை பேர், வெளியேற வழி இருக்கான்னு கேட்கிறதுக்குத்தான் உலகம் பூரா சங்கம்னு ஒண்ணு வேணும்.

ஏஜென்ட் கமிஷனுக்கு வர்றேன். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்ககிட்ட வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 35,400. ரசீதோட. இதைச் சொன்னா ஊர்ல சிரிக்கிறாங்க. லட்சக் கணக்குல கொடுத்தவங்கதான் எனக்குத் தெரிஞ்ச எல்லாருமே. நகையை அடகு வெச்சு, மாட்டை வித்து, வாரவட்டிக்கு வாங்கி. கடனோட போறவன் அங்க போய் வாயைத் திறக்க மாட்டான். ஏஜென்ட்டுக்கும் முதலாளிக்கும் வேண்டியது அதுதான்.

வாட்ஸ்அப்ல "அவசரத் தேவை, இலவச விசா, உணவு தங்குமிடம் இலவசம்"னு போஸ்டர் வந்தா முதல்ல பார்க்க வேண்டியது பதிவு எண். ஈ-மைகிரேட் தளத்துல அந்த எண்ணைப் போட்டுப் பாருங்க, லைசென்ஸ் உயிரோட இருக்கா, ரத்தாகிடுச்சான்னு வரும். எண்ணே இல்லாத போஸ்டரை ஃபார்வர்ட் பண்ணாதீங்க. டூரிஸ்ட் விசால போய் அங்க மாத்திக்கலாம்னு சொன்னா அந்த இடத்துலயே எழுந்து வந்துடுங்க. தமிழ்நாடு அரசோட ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் 1978-லிருந்து இருக்கு. எல்லா வேலையும் அதுல வராது, தாமதமும் ஆகும். ஆனா முதல்ல தட்ட வேண்டிய கதவு அதுதான்.

சரி, போயாச்சு. அங்க சங்கம் என்ன ஆகும்?

நாட்டுக்கு நாடு வேற. சவூதியிலயும் அமீரகத்துலயும் தொழிற்சங்கமே கிடையாது. வேலைநிறுத்தம் பண்ணா வேலை போகும், ஊருக்கு அனுப்பிடுவாங்க. அங்க போய் நம்ம ஓசூர் கேட்ல பண்ண மாதிரி பண்ணலாம்னு யாரும் நினைக்காதீங்க. பஹ்ரைன்ல 2002 சட்டப்படி சங்கம் இருக்கு, வெளிநாட்டுத் தொழிலாளியும் சேரலாம். ஓமன்லயும் சேரலாம். குவைத்ல 5 வருஷம் ஆன பிறகு சேரலாம், ஆனா ஓட்டுரிமை கிடையாது. கத்தார்ல சங்கம் அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். ஆனா உலகக் கோப்பை கட்டுமானத்தப்போ வந்த நெருக்கடியால சில விஷயம் மாறுச்சு. பழைய முதலாளி கையெழுத்து இல்லாமலே வேலை மாறலாம்னு 2020-ல சட்டம் வந்துச்சு. 2021 மார்ச்லிருந்து குறைந்தபட்ச சம்பளம் 1,000 ரியால். சாப்பாடு கொடுக்கலைன்னா 300, தங்க இடம் கொடுக்கலைன்னா 500 தனியா தரணும். எல்லா நாட்டுத் தொழிலாளிக்கும் ஒரே அளவு. இது தானா வந்துடல. கட்டுமானத் தொழிலாளர்களோட உலகக் கூட்டமைப்பான பி.டபிள்யூ.ஐ. பல வருஷம் ஜெனீவா வரைக்கும் போய்க் கத்துனதுக்கும் அதுல பங்கு இருக்கு. உங்க சங்கம் இங்க எந்த உலகக் கூட்டமைப்போட இணைஞ்சிருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. சின்ன சங்கமா இருந்தாலும் மேல போனா பெரிய கயிறு ஒண்ணு இருக்கலாம்.

சிங்கப்பூர் நம்ம ஆளுங்க அதிகம் போற இடம். ஸ்கில் டெஸ்ட் அடிச்சுட்டு வொர்க் பெர்மிட்ல போறீங்க. அங்க வெளிநாட்டுத் தொழிலாளி சங்கத்துல உறுப்பினராகலாம், சட்டத்துல தடை இல்ல. பொறுப்புக்கு வரணும்னா அமைச்சரோட அனுமதி வேணும். போறதுக்கு முன்னாடி கையில வர வேண்டியது ஐ.பி.ஏ. லெட்டர். உங்க அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் அதுல இருக்கும். தமிழ்லயே கேட்டு வாங்கலாம். அதுல இருக்கிற சம்பளத்தை நீங்க எழுத்துல ஒப்புக்காம குறைக்க முடியாது. அங்க இறங்குன உடனே வெத்துத்தாள்ல கையெழுத்துக் கேட்டா ஏன்னு இப்போ புரியுதா?

அங்க வேலைநிறுத்தம் பத்தி ஒரு சம்பவம். 2012 நவம்பர்ல சீனாவிலிருந்து போன 171 பஸ் டிரைவர்கள் வேலைக்குப் போகல. அதே பஸ், அதே ரூட், ஆனா மலேசிய டிரைவரைவிடக் குறைஞ்ச சம்பளம். கோரிக்கை நியாயம்தான். ஆனா அத்தியாவசியச் சேவையில 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்கணும், அதைக் கொடுக்கல. 29 பேரை நாடு கடத்துனாங்க, 5 பேருக்கு ஜெயில். சட்டம் தெரியாம கோபத்துல இறங்குனா என்ன ஆகும்னு காட்டுறதுக்காகச் சொல்றேன்.

ஜப்பான் இப்போ புதுசா திறந்திருக்கிற கதவு. 2021 ஜனவரியில இந்தியாவும் ஜப்பானும் குறிப்பிட்ட திறன் தொழிலாளர் ஒப்பந்தம் போட்டாங்க. ஜப்பானிய மொழியில என்4 அளவு தேர்வு பாஸ் பண்ணணும். தமிழ்ப் பையனுக்கு அந்த இலக்கணம் இங்கிலீஷைவிட ஈஸின்னு என் கூடப் படிச்சவன் ஒருத்தன் சொல்றான், நான் முயற்சி பண்ணல. நம்ம தலைப்புக்கு முக்கியமானது வேற. அந்த நாட்டு அரசமைப்பு 28-வது பிரிவு கூட்டுப் பேரத்தை உரிமையா கொடுத்திருக்கு. ஒரு கம்பெனியில பெரிய சங்கம் இருந்தாலும் சின்ன சங்கம் கேட்டா நிர்வாகம் அவங்களோடயும் உட்கார்ந்து பேசணும். பெரும்பான்மை இல்லைன்னு காரணம் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

இதை நம்ம ஊரோட ஒப்பிட்டுப் பாருங்க. 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்புல என்ன இருக்கு? 51 சதவீதம் இருக்கிற சங்கம்தான் பேசும், ஒரே சங்கம். யாருக்கும் 51 இல்லைன்னா பேச்சுவார்த்தைக் குழு, அதுல இடம் வேணும்னா குறைந்தது 20 சதவீதம். 1,000 பேர் கம்பெனியில 190 பேர் வெச்சிருக்கிற சங்கம் வாசல்ல நிக்க வேண்டியதுதான். நம்ம பாலக்கோட்டுத் தம்பியோட நிலைமை அதுதான். ஜப்பானுக்குப் போனா அந்தத் தம்பிக்கு இங்க இல்லாத உரிமை கிடைக்கும்!

ஜெர்மனியில சங்கம் வேற, ஒர்க்ஸ் கவுன்சில் வேற. 5 பேர் வேலை செய்யுற இடத்துலயே கவுன்சில் தேர்ந்தெடுக்கலாம். வெளிநாட்டுக்காரரும் ஓட்டுப் போடலாம், 1972-லிருந்து நிக்கவும் செய்யலாம். நல்ல சட்டம். ஆனா சட்டம் வந்த அடுத்த வருஷமே, 1973 ஆகஸ்ட்ல, கொலோன் நகர ஃபோர்டு ஆலையில என்ன நடந்துச்சு? லீவுக்கு ஊருக்குப் போய் லேட்டா திரும்புன சுமார் 300 துருக்கித் தொழிலாளர்களை வேலையை விட்டு எடுத்தாங்க. துருக்கிக்காரங்க மெஷினை நிறுத்துனாங்க. சங்கமும் கவுன்சிலும் அவங்களுக்குப் பின்னாடி நிக்கல. ஒரு வாரத்துல போலீஸை வெச்சு முடிச்சுட்டாங்க.

ஆக, சங்கத்துக்குள்ளயே நாம சிறுபான்மையா இருப்போம். அங்க போய் அட்டை வாங்கிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்கிற தோழர்களுக்காக இதை அழுத்திச் சொல்றேன். லண்டன்ல கிரன்விக்னு ஒரு ஃபோட்டோ கழுவுற கம்பெனி. 1976 ஆகஸ்ட்ல ஜெயாபென் தேசாய்னு ஒரு குஜராத்தி அம்மா வெளிநடப்பு பண்ணாங்க, பின்னாடியே பெரும்பாலும் இந்திய வம்சாவளிப் பெண்கள். சங்க அங்கீகாரம்தான் கோரிக்கை. ரெண்டு வருஷம் நடந்துச்சு. தபால் ஊழியர்கள் அந்தக் கம்பெனி தபாலைத் தொட மாட்டோம்னு நின்னாங்க, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிங்க பஸ் பிடிச்சு வந்து மறியல்ல நின்னாங்க. அவ்வளவு பெரிய ஆதரவு. அப்புறம் மேல்மட்டத் தலைமை கழண்டுகிட்டது. 1977 நவம்பர்ல அந்த அம்மா தொழிற்சங்கக் காங்கிரஸ் தலைமையகத்து வாசல்லயே உண்ணாவிரதம் உட்கார்ந்தாங்க. அவங்க சொந்தச் சங்கமே அவங்களை சஸ்பெண்ட் பண்ணுச்சு. 1978 ஜூலையில போராட்டம் முடிஞ்சது, தோல்விதான். ஆனா வெள்ளைக்காரத் தொழிலாளி ஆசியத் தொழிலாளிக்காகத் தெருவுல நின்ன வரலாறு அங்கிருந்துதான் ஆரம்பிக்குதுன்னு இன்னைக்கும் அந்த ஊர்ல சொல்றாங்க.

இப்போ நான் ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்ச கதை. உங்களை மாதிரி வெல்டர், பைப் ஃபிட்டர் கதை.

2005-ல அமெரிக்காவுல கத்ரீனா புயல். அடுத்த வருஷம் சிக்னல் இன்டர்நேஷனல்ங்கிற கம்பெனி இந்தியாவிலிருந்து சுமார் 500 பேரை எடுத்துச்சு. மிசிசிப்பி மாநிலம் பாஸ்ககூலா, டெக்சாஸ்ல ஆரஞ்ச். பேப்பர்ல விளம்பரம்: கிரீன் கார்டு கிடைக்கும், குடும்பத்தைக் கூட்டிட்டுப் போகலாம். ஆளுக்கு 10,000 டாலர்லிருந்து 20,000 டாலர் வரைக்கும் கட்டுனாங்க. கேரளாவுல வீட்டை வித்துப் போனவங்க உண்டு. போய் இறங்கினா கையில இருந்தது சில மாசத்துக்கான தற்காலிக விசா. கம்பெனி வளாகத்துக்குள்ளயே கேம்ப். ஒரு ட்ரெய்லருக்கு 24 பேர். அதுக்கு மாசம் 1,050 டாலர் சம்பளத்துல பிடித்தம்.

அவங்க சங்க உறுப்பினர்கள் இல்ல. ஆனா கேம்ப்புக்குள்ள கூடிப் பேச ஆரம்பிச்சாங்க. 2007 மார்ச் 9, விடிகாலை, கம்பெனி காவலாளிங்க புகுந்து முன்னாடி நின்னு பேசுனவங்களைப் பிடிச்சு அடைச்சு, ஊருக்கு அனுப்பப் பார்த்தாங்க. ஒருத்தர் அங்கயே கையை அறுத்துக்கிட்டார். கடனோட ஊருக்குத் திரும்புற கஷ்டம் தெரிஞ்சவங்களுக்கு அவர் ஏன் அப்படிப் பண்ணார்னு விளக்க வேண்டியதில்ல. உயிர் பிழைச்சார். ஒரு வருஷம் கழிச்சு, 2008 மார்ச்ல, சுமார் 100 பேர் கேட் முன்னாடி ஹெல்மெட்டைக் கழட்டி வீசிட்டு வெளிய வந்தாங்க. வாஷிங்டன் போனாங்க, உண்ணாவிரதம் இருந்தாங்க, கோர்ட்டுக்குப் போனாங்க. 2015 பிப்ரவரியில ஜூரி 5 பேருக்கு மட்டும் 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. கம்பெனி திவால் மனு போட்டு, மத்தவங்களுக்கும் சேர்த்து 2 கோடி டாலர் சமரசத்துக்கு வந்து மன்னிப்பும் கேட்டுச்சு.

ஜெயிச்சது எதால? கையில இருந்த காகிதத்தால. கட்டுன பணத்துக்கு ரசீது, விளம்பரம் வந்த பேப்பர், சம்பளச் சீட்டு. இது எதுவும் இல்லாம கோர்ட்ல நின்னிருந்தா "எங்க வேணும்னாலும் போய்ச் சொல்லிக்கோ"ன்னு அனுப்பியிருப்பாங்க.

வெளிநாட்டுல போராடுறது தமிழனுக்குப் புதுசும் இல்ல. 1941-ல மலாயா கிள்ளான் ரப்பர் தோட்டத்துல நம்ம ஆளுங்க வேலைநிறுத்தம் பண்ணாங்க. முன்னாடி நின்னவர் ஆர்.எச்.நாதன், தமிழ் நேசன் பத்திரிகையில வேலை பார்த்தவர். கோரிக்கை என்ன தெரியுமா? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற சம்பளம் எங்களுக்கும் வேணும். பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் வேணும். கள்ளுக்கடையை மூடணும். அப்புறம், துரை எதிர்ல வந்தா சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். அந்தக் கடைசிக் கோரிக்கையைப் படிச்சப்போ எனக்கு நம்ம ஊர் சில தெருக்கள் ஞாபகம் வந்துச்சு. விளக்க வேண்டாம், உங்களுக்கே தெரியும். மே 6-ல நாதனைக் கைது பண்ணி இந்தியாவுக்கு நாடு கடத்துனாங்க. துப்பாக்கிச் சூட்டுல 5 தொழிலாளிங்க செத்தாங்க. எட்டு வருஷம் கழிச்சு, 1949 மே 4-ல, அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவரா இருந்த தம்பிக்கோட்டை கணபதியை கோலாலம்பூர் புடு ஜெயில்ல தூக்குல போட்டாங்க. துப்பாக்கி வெச்சிருந்தார்ங்கிறது குற்றச்சாட்டு.

சரி, நடைமுறைக்கு வாங்க. விசா கையில வர்ற வரைக்கும் இங்க ராஜினாமா கடிதம் கொடுக்காதீங்க. 5 வருஷம் முடிய இன்னும் ரெண்டு மூணு மாசம்தான்னா முடிச்சுட்டுக் கிளம்புங்க, கிராச்சுவிட்டி உங்க பணம். சங்கச் சந்தாவை வீட்டுல யாராவது கட்டட்டும். ஒப்பந்தம், ஐ.பி.ஏ. லெட்டர், பாஸ்போர்ட், ஏஜென்ட்டுக்கு அனுப்புன ஜிபே ஸ்க்ரீன்ஷாட், எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்து வீட்டம்மாவுக்கு ஒண்ணு, சங்கச் செயலாளருக்கு ஒண்ணு அனுப்புங்க. ஏஜென்ட் காசாத்தான் வேணும்னு சொன்னா, கொடுக்கும்போது கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க. அங்க பாஸ்போர்ட்டை யார் பிடுங்கி வெச்சாலும் அது தப்பு. தூதரகத்துல சொல்லலாம், மதத் தளத்துல புகார் பதியலாம். புகார் எண்ணை எழுதி வெச்சுக்கோங்க, அது இருந்தாத்தான் எங்களாலயும் எம்.பி. ஆபீஸ் மூலமா பின்தொடர முடியும்.

இதுவரைக்கும் பேப்பர் ஏதாவது வாங்கியிருக்கிறவங்க வர்ற ஞாயித்துக்கிழமை காலையில அலுவலகத்துக்கு எடுத்துட்டு வாங்க. பதிவு எண்ணும் வழக்கும் அங்கயே உட்கார்ந்து பார்த்துடலாம், லேப்டாப் இருக்கும். அசல் வேண்டாம், ஜெராக்ஸ் போதும்.